ஓர்க் சரணடைந்தால்

2016 ஜனவரியில் கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவி உலகச் செய்தியானது. உக்ரைனிய மொழியில் 'ரஷ்யக் கூட்டமைப்பு' என்று எழுதி ரஷ்ய மொழிக்கு மாற்றச் சொன்னால், அது 'மோர்டோர்' என்று தந்தது. 'ரஷ்யர்கள்' என்று எழுதினால் 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று வந்தது. வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவின் பெயரைக் கொடுத்தால் 'சோகமான குட்டிக் குதிரை' வந்து நின்றது. கோடிக்கணக்கான ஆவணங்களை ஒப்பிட்டுத் தானாக இயங்கும் கருவியில் இத்தகைய பிழைகள் நேர்வதுண்டு என்று விளக்கம் சொல்லி நிறுவனம் அதைத் திருத்தியது. 2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்ட பிறகு உக்ரைனியர்கள் இணையத்தில் எழுதிக் குவித்த கோபத்தை இயந்திரமும் படித்திருக்கிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன்.

மோர்டோர் எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் வரும் கரிந்த நிலம். அதன் அதிபதி சௌரான். எல்லோரையும் அடிமையாக்கும் வல்லமை படைத்த மோதிரம் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவன். அவனுடைய காலாட்படைதான் ஓர்க்குகள். கோரமானவை, கொடியவை, அலையலையாக வந்துகொண்டே இருப்பவை. கதையில் ஓர்க்கைக் கொன்றதற்காக யாரும் வருந்துவதில்லை. ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரில் சௌரானுக்கு எதிராகப் போரிடும் நண்பர்கள் லெகோலாஸும் கிம்லியும் யார் அதிகம் கொன்றது என்று போட்டியாக எண்ணுகிறார்கள். முடிவில் கிம்லி 42, லெகோலாஸ் 41. கல்லூரி விடுதியில் அட்டை கிழிந்த பிரதி ஒன்றில் அந்தப் பக்கங்களை முதன்முறை வாசித்தபோது நானும் அவர்களோடு சேர்ந்து உற்சாகமாக எண்ணினேன். சாகசக் கதையின் இன்பம் அது. அதில் குற்றம் காண எதுவும் இல்லை.

2022 பிப்ரவரி 24க்குப் பிறகு 'ஓர்க்' உக்ரைனின் அன்றாடப் பேச்சுக்குள் வந்துவிட்டது. அதிகாரிகளின் அறிக்கைகளிலும் பத்திரிகைகளிலும் கிராமத்து மூதாட்டிகளின் வாயிலும் ரஷ்யச் சிப்பாய் ஓர்க் ஆனான். அங்கிருந்து அது உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு மே மாதம் 'நாஃபோ' என்ற பெயரில் ஓர் இணையக் கூட்டம் உருவானது. ஷிபா இனு நாயின் கேலிச்சித்திரத்தை முகப்புப் படமாக வைத்துக்கொண்டு ரஷ்ய அரசின் பிரசாரத்தைக் கிண்டலடிப்பது, போர்முனைக்கு நன்கொடை திரட்டுவது ஆகியவை அவர்களுடைய வேலை. தூதரக அதிகாரிகளின் பொய்களை இந்த நாய்ப் படங்கள் திணறடித்த விதத்தை நான் ரசித்திருக்கிறேன். ரசிகர் கூட்டங்களின் பழக்கங்கள் அத்தனையும் அங்கே இருந்தன: உள்வட்டச் சொற்கள், ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும் குறிகள், கூட்டமாகச் சேர்ந்து சிரிக்கும் சுகம்.

இங்கே என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் போரைத் தொடங்கியது ரஷ்ய அரசு. அண்டை நாட்டின் வீடுகளுக்குள் பீரங்கியோடு நுழைந்தது அதுதான். புச்சா நகரத் தெருக்களில் கிடந்த உடல்களை 2022 ஏப்ரல் தொடக்கத்தில் உலகமே பார்த்தது. அந்தத் தெருவில் குடியிருந்த ஒருவர் அதைச் செய்தவர்களை ஓர்க் என்று அழைத்தால், அவருக்கு மனிதநேயப் பாடம் எடுக்க எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. உறவைப் பறிகொடுத்தவரின் வாயிலிருந்து வரும் சொல் அவருடைய ஓலம். அதை அவரிடமிருந்து பிடுங்கும் உரிமை யாருக்கும் இல்லை. நான் பேச வந்தது, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு அதே சொல்லை எடுத்துப் புழங்கும் நம்மைப் பற்றி.

என் அக்கா மகன் பொறியியல் படிக்கிறான். நல்ல பையன். தெருநாய்க்கு அடிபட்டால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுபவன். டோல்கீன் எழுதிய அனைத்தையும் என்னைவிட ஆழமாகப் படித்திருக்கிறான், அந்தக் கதைகளில் வரும் எல்வ் என்ற இனத்தின் மொழியில் தன் பெயரை எழுதத் தெரியும். அவன்தான் எனக்கு ட்ரோன் காணொளிகளை அனுப்பத் தொடங்கினான். மேலிருந்து பார்க்கும் கேமரா. கீழே பள்ளத்தில் ஒரு மனிதன். அவன் அண்ணாந்து பார்க்கிறான், ஓடுகிறான், தடுமாறி விழுகிறான். குண்டு இறங்குகிறது. பின்னணியில் துள்ளலான இசை. கீழே ஓர்க் என்ற குறிப்பு. இத்தகைய காணொளிகள் டெலிகிராமிலும் எக்ஸிலும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. ரஷ்யத் தரப்பும் இதே போன்ற காணொளிகளை இதே உற்சாகத்தோடு வெளியிடுகிறது. பெயர்கள் மட்டும் வேறு. உக்ரைனியர் எல்லோரையும் நாஜிகள் என்று அழைப்பது அங்கே அரசுத் தொலைக்காட்சியின் வழக்கம்.

"இதை எதற்காகப் பார்க்கிறாய்?" என்று கேட்டேன்.

"மாமா, அவர்கள் அங்கே போயிருக்கவே கூடாது. போனது அவர்கள் தப்பு" என்றான்.

அவன் சொன்னது சரிதான். அவர்கள் போயிருக்கக் கூடாது. படையெடுத்து வந்தவனைச் சுடுவது போர் நெறிப்படியும் குற்றமில்லை. ஆனால் என் கேள்விக்கு அது பதிலில்லை. சுடுவது நியாயமா என்று நான் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கையில் சாய்ந்தபடி அதைப் பார்த்து மகிழ்வது எப்படிச் சாத்தியமாகிறது என்பதே என் கேள்வி. ஒரு கற்பனைக் கதை அதற்கு உதவி செய்கிறது என்பதுதான் என்னை வாட்டுகிறது.

ஏனென்றால் அந்தக் கதையை எழுதியவரை இதே விஷயம் வாழ்நாள் முழுவதும் வாட்டியிருக்கிறது.

டோல்கீன் போரைச் செய்தித்தாளில் படித்து அறிந்தவர் இல்லை. 1916இல் பிரான்சின் சோம் போர்முனையில் லங்காஷயர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவின் தகவல் தொடர்பு அதிகாரியாக இருந்தார். பள்ளிக்காலம் தொட்டு அவரோடு கவிதையும் கனவுமாகத் திரிந்த நெருங்கிய நண்பர்களில் ராபர்ட் கில்சன் அந்தப் போரின் முதல் நாளான ஜூலை 1 அன்று இறந்தார். ஜெஃப்ரி ஸ்மித் டிசம்பரில் இறந்தார். பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட டோல்கீன், உடல் தேறிவந்த மாதங்களில் எழுதிய முதல் கதைகளிலேயே ஓர்க்குகள் வந்துவிட்டார்கள். தங்கள் வாசல் வரை வந்த எதிரியை அரக்கனாகக் காணும் உணர்வு அவருக்கு அந்நியமானதில்லை என்று தோன்றுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய மகன் கிறிஸ்டோபர் விமானப்படையில் சேர்ந்து தென்னாப்பிரிக்காவில் பயிற்சியில் இருந்தார். தந்தை அவருக்கு நாவலின் அத்தியாயங்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். 1944 மே மாதத்தில் எழுதிய கடிதங்கள் இரண்டு என் மனதை விட்டு நீங்காதவை. ஒன்றில், நாம் மோதிரத்தைக் கொண்டே சௌரானை வெல்லப் பார்க்கிறோம், வென்றும் விடுவோம், அதற்கான தண்டனையாகப் புதிய சௌரான்கள் பிறப்பார்கள், மனிதர்களும் எல்வ்களும் மெல்ல மெல்ல ஓர்க்குகளாக மாறுவார்கள் என்கிறார். அதோடு, நம் பக்கத்திலேயே நிறைய ஓர்க்குகளோடுதான் இந்தப் போரைத் தொடங்கினோம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இன்னொன்றில், ஓர்க்குகள் மிகவும் நிஜமானவர்கள், ஆனால் நிஜ வாழ்க்கையில் அவர்கள் இரு தரப்பிலும் இருப்பார்கள் என்கிறார். நாஜிகளுக்கு எதிரான போர் நடந்துகொண்டிருக்கிறது. மகன் ராணுவ உடையில் இருக்கிறான். தன் நாட்டின் தரப்பே நியாயமான தரப்பு என்பதில் அவருக்கு ஐயமில்லை. 1938இலேயே, தாங்கள் ஆரிய வம்சமா என்று விசாரித்த ஜெர்மன் பதிப்பகத்துக்கு, திறமை மிக்க யூத இனத்தில் எனக்கு மூதாதையர் இல்லாமல் போனதற்கு வருந்துகிறேன் என்று பதில் வரைந்து வைத்தவர் அவர். அப்படிப்பட்டவர்தான் ஓர்க் என்ற சொல்லை ஜெர்மானியர்மீது முழுவதுமாக ஒட்டவைக்க மறுத்தார்.

டோல்கீன் பக்தியுள்ள கத்தோலிக்கர். பிறப்பிலேயே மீட்சியற்ற ஓர் இனம் இருக்க முடியும் என்பதை அவருடைய நம்பிக்கை ஏற்காது. ஆனால் அவர் எழுதிய கதைக்கு அப்படி ஓர் இனம் தேவைப்பட்டது. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1965இல் இதைப் பற்றியே அவரிடம் கேட்டார். ஒரு கதை இறையியல் விதிகளுக்கு அப்படியே பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று டோல்கீன் பதில் எழுதினார். எழுதினாரே தவிர, அந்தப் பதிலில் அவர் நிம்மதி அடையவில்லை. முதுமையில் ஓர்க்குகள் எங்கிருந்து வந்தார்கள், அவர்களுக்கு ஆன்மா உண்டா என்று மீண்டும் மீண்டும் எழுதிப் பார்த்தார். அவர் மறைந்து 20 ஆண்டுகள் கழித்து, 1993இல் கிறிஸ்டோபர் தொகுத்து வெளியிட்ட அந்தக் குறிப்புகளில் ஒரு பகுதி உண்டு. ஓர்க்குகளோடு போரிட்டே ஆக வேண்டியிருந்தாலும், அவர்களுடைய கொடுமையையும் வஞ்சகத்தையும் நாம் கைக்கொள்ளக் கூடாது. பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்யக் கூடாது, நம் வீடுகளைக் காக்கும் தகவலைப் பெறுவதற்காகக்கூடச் செய்யக் கூடாது. ஓர்க் ஒருவன் சரணடைந்து உயிர்ப்பிச்சை கேட்டால், அதனால் நமக்கு இழப்பு நேர்ந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும். இது அறிவுடையோர் வகுத்த நெறி என்று எழுதிவிட்டு, போரின் கொடூரத்தில் இதைப் பல சமயம் யாரும் பின்பற்றவில்லை என்றும் குறித்து வைக்கிறார்.

கதைக்குள்ளேயே இதற்கான விதைகள் இருக்கின்றன. ஹாபிட் எனப்படும் குட்டி மனிதர் இனத்து நாயகன் ஃப்ரோடோவுக்குத் துணையாக வரும் சாம், இத்திலியன் காட்டில் மனிதர்கள் மனிதர்களோடு போரிடுவதை முதன்முறையாகப் பார்க்கிறான். சௌரானுக்காகப் போரிட வந்த தென்னாட்டு வீரன் ஒருவன் அவன் காலடியில் வந்து விழுந்து சாகிறான். சிவப்பு அங்கி, கழுத்தில் பொன் பட்டை, உடைந்த வாளின் பிடியை இன்னும் விடாத பழுப்பு நிறக் கை. இவன் பெயர் என்ன, எந்த ஊர்க்காரன், உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய்யோ மிரட்டலோ இவனை இவ்வளவு தூரம் நடக்க வைத்தது, வீட்டிலேயே நிம்மதியாக இருந்திருக்க விரும்பியிருப்பானோ என்று சாம் யோசிக்கிறான். அவன் ஒரு தோட்டக்காரன். மொத்த நாவலிலும் எதிரியைப் பற்றிய மிக முக்கியமான கேள்விகள் அவன் மனதில்தான் எழுகின்றன. பின்னொரு இடத்தில் அவன் இரண்டு ஓர்க்குகள் பேசிக்கொள்வதை ஒளிந்திருந்து கேட்கிறான். ஷாக்ராட், கோர்பாக் என்ற அந்த இருவரும் பெரிய தலைகளைத் திட்டுகிறார்கள். போர் முடிந்ததும் நம்பகமான சில பையன்களைச் சேர்த்துக்கொண்டு, முதலாளிகள் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். அவர்கள் திட்டமிடுவது கொள்ளையடிக்கத்தான். ஆனாலும் அந்த அலுப்பு, அந்த முணுமுணுப்பு எந்த நாட்டுச் சிப்பாயிடமும் கேட்கக்கூடியது.

இந்த நாவலுக்கு உரிமை கொண்டாடாத அரசியல் தரப்பு உலகத்தில் இல்லை. 1960களில் அமெரிக்க மாணவர்கள் 'ஃப்ரோடோ வாழ்கிறான்' என்ற பொத்தானைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். 1977 ஜூன் மாதம் இத்தாலியின் மான்டேசார்க்கியோ என்ற சிற்றூரில், முசோலினியின் அரசியல் வாரிசுகள் நடத்திய கட்சியின் இளைஞர் அணி 'ஹாபிட் முகாம்' என்ற பெயரில் திருவிழா நடத்தியது. அதே இளைஞர் அணியில் 15 வயதில் சேர்ந்த ஜார்ஜியா மெலோனி இன்று நாட்டின் பிரதமர். 2023 நவம்பரில் ரோமின் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய அரசு டோல்கீன் கண்காட்சி ஒன்றையே நடத்தியது. அமெரிக்காவில் 2003இல் தொடங்கிய உளவுத் தகவல் மென்பொருள் நிறுவனம் தனக்கு பலன்டீர் என்று நாவலில் வரும் மாயக் கல்லின் பெயரை வைத்துக்கொண்டது. 2017இல் தொடங்கிய ஆயுத நிறுவனம் தனக்கு நாவலின் நாயகர்களில் ஒருவனான அரகோர்னின் வாளின் பெயரான அந்துரிலைச் சூட்டிக்கொண்டது. எல்லோரும் தங்களைக் கோட்டையைக் காக்கும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கிறார்கள்.

ரஷ்யர்களும் இதற்கு விலக்கில்லை. இந்த விவாதங்களில் அடிக்கடி மறக்கப்படும் உண்மை இது: உலகின் மிகத் தீவிரமான டோல்கீன் ரசிகர் கூட்டங்களில் ஒன்று ரஷ்யாவுடையது. சோவியத் காலத்தில் தணிக்கைக்குத் தெரியாமல் தட்டச்சுப் பிரதிகளாக அந்த நாவல் கைமாறியது. 1990இல் சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் அருகே நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் காட்டுக்குள் கூடி, மரவாள் ஏந்தி ஹாபிட்களாகவும் ஓர்க்குகளாகவும் நடித்து விளையாடினார்கள். மாஸ்கோவின் நெஸ்குச்னி பூங்காவில் வியாழன்தோறும் ரசிகர்கள் கூடும் இடத்துக்கு 'எக்லடோர்' என்று எல்வ் பெயர் வைத்தார்கள். 1991இல் லெனின்கிராடு தொலைக்காட்சி எடுத்து, மறந்துபோன நாடகப் பதிப்பு 2021இல் யூடியூபில் மீண்டும் வெளிவந்தபோது அதை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். எதிரிகளால் ஓர்க் என்று அழைக்கப்படும் நாட்டில், ஓர்க் யார் என்று நன்றாகத் தெரிந்த ஒரு தலைமுறையே இருக்கிறது.

அந்த மண்ணிலிருந்துதான் கிரில் யெஸ்கோவ் வந்தார். தொழிலால் தொல்லுயிரியல் அறிஞர். 1999இல் அவர் எழுதிய நாவல் மோர்டோரின் பக்கத்திலிருந்து கதையைச் சொல்கிறது. அதில் மோர்டோர் தொழிற்புரட்சியின் வாசலில் நிற்கும் அறிவியல் நாடு. ஓர்க்குகள் மனிதர்கள். எல்வ்கள்தான் ஈவிரக்கமற்ற சூழ்ச்சிக்காரர்கள். வென்றவன் எழுதியதே வரலாறு என்பது அதன் அடிநாதம். தமிழ் வாசகருக்கு இது புதிதாக இருக்காது. புலவர் குழந்தை 1946இல் இராவணனைத் தலைவனாக்கி ஒரு காவியமே பாடினார். 1948இல் சென்னை மாகாண அரசு அதைத் தடை செய்தது, தடை 1971இல்தான் நீங்கியது. அரக்கன் என்று சொல்லப்பட்டவனின் வாசலில் நின்று கதையைத் திருப்பிச் சொல்வது எவ்வளவு வீரியமான அரசியல் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். அந்தத் திருப்பல் தேவையானது என்றே நான் எண்ணுகிறேன். ஆனாலும் அதில் ஓர் ஆபத்து உண்டு. அரக்கன் ஒழிவதில்லை, எதிர்ப்பக்கத்துக்கு இடம் மாறிவிடுகிறான். என்னைப் பொறுத்தவரை இதைவிட அரிய காரியத்தைச் செய்தவர் கம்பர். தரப்பை மாற்றாமலே, தோற்கப்போகும் தரப்பில் நிற்கும் கும்பகர்ணனை அவர் எழுப்பி நிறுத்துகிறார். அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியும். தப்பிப் பிழைக்க வழியும் தம்பி வீடணன் காட்டுகிறான். இத்தனை காலம் வளர்த்தவனை விட்டு வரமாட்டேன் என்று சாகப் போகிறான் அவன். அந்த இடத்தைப் படித்துவிட்டு அவனை வெறும் அரக்கன் என்று கடந்து போக யாராலும் முடியாது.

கற்பனை உலகங்களிலிருந்து ஆட்கள் நிஜப் போருக்குள் இறங்கியும் இருக்கிறார்கள். 2014இல் கிழக்கு உக்ரைனில் ஆயுதக் கிளர்ச்சியை முன்னின்று நடத்திய இகோர் கிர்கின், பழங்காலப் போர்களின் உடையணிந்து நடித்து மகிழும் குழுக்களில் பல ஆண்டுகள் திளைத்தவர். கிளர்ச்சியாளர்கள் அமைத்த அரசில் அவருக்குக் கீழே துணைப் பாதுகாப்பு அமைச்சராக வந்த ஃபியோதர் பெரெசின், உக்ரைனில் நடக்கப்போகும் போரைப் பற்றி முன்பே நாவல் எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர். புனைகதை படிப்பவர் எல்லாம் போர் வெறியர் ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வரலாற்றை ஒரு விளையாட்டுப் பலகையாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, காய்களுக்கும் வலிக்கும் என்பது தாமதமாகவே தெரிகிறது.

இத்தனையும் சொன்னதால் நான் ரசிகர்களின் அரசியலுக்கு எதிரானவன் என்று கொள்ள வேண்டாம். 2020 ஆகஸ்ட் 3 அன்று பாங்காக்கின் ஜனநாயக நினைவுச் சின்னத்தின் முன் மாணவர்கள் ஹாரி பாட்டர் உடையில், கையில் மந்திரக்கோலோடு திரண்டார்கள். தாய்லாந்தில் அரச குடும்பத்தை அவமதித்ததாகத் தீர்ப்பானால் ஒரு குற்றச்சாட்டுக்கே 3 முதல் 15 ஆண்டுகள் சிறை. அதனால் வில்லனை 'பெயர் சொல்லக் கூடாதவர்' என்றே குறிக்கும் கதை வழக்கு அவர்களுக்குக் கவசமாயிற்று. அன்று அதே வேடத்தில் மேடையேறிய வழக்கறிஞர் அனோன் நம்பா, முடியாட்சியின் அதிகாரங்களைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். 2023 செப்டம்பர் முதல் அவர் சிறையில் இருக்கிறார். 2025 செப்டம்பரில் காத்மாண்டுவின் சிங்க தர்பார் வாயிலில், ஜப்பானியச் சித்திரக் கதை ஒன்றின் கடற்கொள்ளையர் கொடி தொங்கியதையும் படங்களில் பார்த்தோம். இந்தக் குறிகளை நான் மதிக்கிறேன். பேச வழியற்றவன், தன்னைப் போல் இன்னொருவன் உண்டா என்று கூட்டத்தில் தேடும்போது கதை கை கொடுக்கிறது. ஆனால் அங்கே கதை தந்தது தங்களுக்கான பெயர். எதிரில் நிற்கும் காவலரின் முகத்தை அது அழிக்கவில்லை. ஓர்க் என்ற பெயர் செய்யும் வேலையே முகத்தை அழிப்பது.

அந்த வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, கைப்பேசியில் எடுக்கப்பட்ட ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கண்களும் கைகளும் கட்டப்பட்ட, ஆடையற்ற இளைஞர்கள் மண்ணில் உட்கார வைக்கப்பட்டுச் சுடப்படுகிறார்கள். இலங்கை அரசு அது போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் நியமித்த நிபுணர்கள் அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் கூறினார்கள். அதை எடுத்தவர்கள் சாட்சியம் சேர்க்க எடுக்கவில்லை. நினைவுப் பொருளாக எடுத்தார்கள், பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. போர்க்களத்தில் ஆயுதத்தோடு இருப்பவனை ட்ரோனால் தாக்குவதும், கைகட்டப்பட்டவனைச் சுடுவதும் ஒன்றில்லை. சட்டத்திலும் ஒன்றில்லை, அறத்திலும் ஒன்றில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை ஒருமுறை கேட்டவனால், துள்ளலிசை சேர்த்த எந்த மரணக் காணொளியையும் அமைதியாகப் பார்க்க முடிவதில்லை. புலி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஓர் இனத்தின் கிழவிகளும் குழந்தைகளும் எப்படி அடக்கப்பட்டார்கள் என்று கண்டவர்கள் நாம். இன்னொரு மொழியில் அப்படி ஒரு சொல் வரும்போது நமக்கு உறைக்க வேண்டும். அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் எதிர்வாதம் செய்யவில்லை. "அப்போது நான் குழந்தை, மாமா" என்றான். அது உண்மை. 2009 அவனுக்கு வரலாறு.

பலன்டீர் கற்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாவலில் அவை தொலைவில் நடப்பதைக் காட்டும் கற்கள். கோண்டோர் நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளர் டெனிதாரிடம் அப்படி ஒரு கல் இருந்தது. மதிநுட்பம் மிக்கவர், எளிதில் ஏமாறாதவர். இரவுகளில் தனியே அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல் அவரிடம் பொய் சொல்லவில்லை. அவர் கண்ட படைகள் உண்மை, கப்பல்கள் உண்மை. ஆனால் சௌரான் காண அனுமதித்ததை மட்டுமே அவர் கண்டார். ஆற்றில் கறுப்புப் பாய்மரங்கள் வருவதைப் பார்த்தார், அந்தக் கப்பல்களில் வருவது தமக்கு உதவிக்கு வரும் அரகோர்ன் என்பதை அறியவில்லை. நம்பிக்கை இழந்து, மகனையும் உயிரோடு சிதையில் ஏற்றத் துணிந்து, தன்னை எரித்துக்கொண்டார். 1950களில் வெளிவந்த இதைவிடப் பொருத்தமாக நம் கைப்பேசித் திரையை யாரும் சொல்லிவிடவில்லை. என் அக்கா மகன் பார்க்கும் காணொளிகளும் உண்மைதான். அந்தப் பள்ளத்தில் விழுந்தவன் உண்மையாகவே இறந்தான். எதைக் காட்டுவது என்பதை, எது நம்மை மேலும் ஐந்து நிமிடம் உட்கார வைக்கும் என்ற ஒற்றைக் கணக்கு தீர்மானிக்கிறது. அவன் எந்த ஊர்க்காரன், ரஷ்யாவின் புரியாத்தியாவிலோ தாகெஸ்தானிலோ என்ன வேலை செய்துகொண்டிருந்தான், கடன் அடைக்கப் படையில் சேர்ந்தானா, சிறையிலிருந்து அழைத்து வரப்பட்டானா என்பதை அந்தக் கணக்கு தேடிக் காட்டாது. வாக்னர் கூலிப்படை ரஷ்யச் சிறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரைத் திரட்டியது கிழக்கு உக்ரைன் நகரமான பக்மூத்தின் புகைக்குள் அனுப்புவதற்குத்தான். எந்தப் பொய்யோ மிரட்டலோ என்று சாம் கேட்டானே, அதற்கான விடைகள் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. தேடிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரஷ்யச் சிப்பாய்களை ஓர்க் என்று அழைக்கும் அதே உக்ரைனில், 2022 செப்டம்பரில் அரசு ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தது. சரணடைய விரும்பும் ரஷ்யச் சிப்பாய்களுக்கான உதவி எண் அது. 'நான் வாழ விரும்புகிறேன்' என்று திட்டத்துக்குப் பெயர். எப்படித் தொடர்பு கொள்வது, எங்கே வருவது, ஜெனீவா உடன்படிக்கைப்படி எப்படி நடத்தப்படுவார்கள் என்று ரஷ்ய மொழியிலேயே விளக்கம் கொடுத்தார்கள். போர்க் கைதிகளைப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற நடைமுறைக் கணக்கும் அதில் உண்டு. இருக்கட்டும். ட்ரோன் படைகளுக்கு, தாக்கிய இலக்குகளைக் காணொளியோடு நிரூபித்தால் புள்ளி வழங்கும் முறை ஒன்றும் அங்கே பின்னர் வந்தது. புள்ளிகளைக் கொடுத்துப் புதிய ட்ரோன்கள் வாங்கிக்கொள்ளலாம். லெகோலாஸும் கிம்லியும் எண்ணியது நிஜத்தில் அரசுத் திட்டமாகிவிட்டதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் அந்தப் பட்டியலிலும் எதிரியை உயிரோடு பிடித்தால் கொல்வதைவிடப் பல மடங்கு அதிகப் புள்ளி வைத்திருக்கிறார்கள்.

2023 மே மாதம் பக்மூத் அருகே பதுங்குகுழியில் தனித்து மாட்டிக்கொண்ட ரஷ்யச் சிப்பாய் ஒருவர், தலைக்குமேல் நின்ற ட்ரோனைப் பார்த்துக் கைகளைக் கூப்பி, சைகை காட்டிக் கெஞ்சினார். அதை இயக்கிக்கொண்டிருந்த உக்ரைனியர்கள் தாக்குதலை நிறுத்தினார்கள். சரணடைய விரும்பினால் ட்ரோனைப் பின்தொடர்ந்து வா என்று ஒரு சீட்டை எழுதிக் கீழே போட்டார்கள். அவர் அதன் பின்னால் ஓடினார். அவருடைய சொந்தத் தரப்பிலிருந்தே அவரை நோக்கிக் குண்டுகள் வந்தன. உக்ரைனியக் குழிகளை அடைந்து மண்டியிட்டார். பின்னர் செய்தியாளர்கள் அவரைக் காவலில் சந்தித்துப் பேசினார்கள்.

அந்தக் காணொளியையும் இணையம்தான் எனக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இசை எதுவும் சேர்க்காத பதிப்பைத் தேடி எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன், கூடவே 1993 தொகுப்பின் அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். அந்தப் பகுதியை அவன் முன்பே படித்திருந்தான். ட்ரோனை இயக்கியவர்கள் டோல்கீன் படித்தவர்களா என்று கேட்டான். தெரியாது என்றேன். அவர் பெயர் என்ன என்று அடுத்துக் கேட்டான். செய்தியில் வந்திருந்தது, சொன்னேன்.